இருட்டில் தெரிவதும் இன்னதென்று தெரிவதும்: நைட் விஷனா, தெர்மலா?

நிலா இல்லாத இரவு. இருநூறு மீட்டர் தள்ளி, புல்வெளி முடிந்து புதர் தொடங்கும் ஓரத்தில் ஏதோ நடமாடுகிறது. சூட்டைப் படமாக்கிக் காட்டும் தெர்மல் ஸ்கோப்பில் கண்ணை வைத்தால், மங்கிய சாம்பல் நிறத்துக்கு நடுவே பளிச்சென்று ஒரு வெள்ளை உருவம். அங்கே ஓர் உயிர் இருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. அது காட்டுப்பன்றியா, வழிதவறி வந்த கன்றா, குனிந்து எதையோ தேடும் மனிதரா என்பதுதான் தெரியவில்லை. அதே இடத்தை, கொஞ்ச வெளிச்சத்தையும் பெருக்கிக் காட்டும் நைட் விஷன் ஸ்கோப்பில் பார்த்தால் புல் தெரிகிறது, வேலிக்கம்பி தெரிகிறது, பின்னால் இருக்கும் மேடும் தெரிகிறது. ஆனால் புதர் நிழலோடு ஒட்டி நிற்கும் அந்த உருவம் கண்ணில் படவே இல்லை. அது தலையை அசைக்கும்வரை அங்கே ஒன்று நிற்பதே நமக்குத் தெரியாது.

புதிதாக வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, “எது அதிக தூரம் காட்டும்?” என்பதைத்தான். நான் அந்தக் கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு வேறொன்றைக் கேட்கச் சொல்வேன்: நான் சுடப்போகும் தூரத்தில், எதிரில் நிற்பது இன்னதென்று துளி சந்தேகமில்லாமல் சொல்ல முடியுமா? சென்சார், லென்ஸ், விலை, எடை எல்லாவற்றையும் இந்தக் கேள்வியை வைத்து எடைபோட்டால், விளம்பரத்தில் வரும் பெரிய எண்களில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

கருவிக்குப் போகும் முன் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். இரவு வேட்டை பல நாடுகளில் முழுத் தடை. சில இடங்களில் பயிரை அழிக்கும் குறிப்பிட்ட விலங்குகளுக்கு மட்டும் அனுமதி உண்டு. இன்னும் சில இடங்களில் கருவியைக் கையில் வைத்துப் பார்க்கலாம், துப்பாக்கியில் மாட்டக் கூடாது. ஆகவே மூன்று கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: இந்த விலங்கை இரவில் சுடலாமா, இந்தக் கருவியைத் துப்பாக்கியில் பொருத்தலாமா, கண்ணுக்குத் தெரியாத ஒளி வீசும் அகச்சிவப்பு விளக்கைப் பயன்படுத்தலாமா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால் மற்ற இரண்டுக்கும் அதுவே பதில் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உயர்தர நைட் விஷன் கருவிகளுக்குள் வெளிச்சத்தைப் பெருக்கும் குழாய்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடும் உண்டு. அமெரிக்காவில் வாங்கிய, அப்படிப்பட்ட மூன்றாம் தலைமுறைக் குழாய் உள்ள கருவியை உரிமம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே எடுத்துப்போவதே குற்றம்.

ஒன்று வெளிச்சத்தைத் தேடும், மற்றொன்று சூட்டைத் தேடும்

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளம் வரை. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல், சூரிய ஒளியைப் பட்டகத்தின் வழியே நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து அளந்தார். சிவப்பைத் தாண்டி, எந்த நிறமும் தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியிலும் சூடு ஏறியது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிரைத்தான் அகச்சிவப்பு என்கிறோம்.

அகச்சிவப்பு என்ற ஒரே பெயரைக் கேட்டு, இரண்டு கருவிகளும் ஒரே வேலையைச் செய்வதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். குழப்பம் தொடங்குவதே இங்கேதான். 700 முதல் 1000 நானோமீட்டர் வரையுள்ள பகுதி, சிவப்புக்குப் பக்கத்து வீடு மாதிரி. அது ஒளியைப் போலவே நடந்துகொள்கிறது: எங்கிருந்தாவது வர வேண்டும், பொருளின்மேல் விழ வேண்டும், திரும்பி வர வேண்டும். நைட் விஷன் பயன்படுத்துவது இதை. தெர்மல் பார்ப்பதோ 8 முதல் 14 மைக்ரான் வரையுள்ள பகுதி. நானோமீட்டரில் சொன்னால் 8000 முதல் 14000. இந்தக் கதிர் வெளியிலிருந்து வந்து விழ வேண்டியதில்லை. சூடுள்ள ஒவ்வொரு பொருளும் தானே அதை வீசிக்கொண்டிருக்கிறது. 27 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு பொருள் மிக அதிகமாகக் கதிர் வீசுவது 10 மைக்ரானை ஒட்டித்தான். விலங்கின் உடல், மண், மரம், கல் எல்லாமே அந்த வட்டாரத்தில்தான் ஒளிர்கின்றன.

இந்த வித்தியாசத்தை ஒரு நிமிடத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். தெர்மல் கருவியைக் கையில் எடுத்து, மூடிய கண்ணாடி ஜன்னல் வழியாக வெளியே பாருங்கள். வெளியே ஒன்றும் தெரியாது. கண்ணாடியில் உங்கள் முகத்தின் சூடுதான் மங்கலாகத் திரும்பித் தெரியும். சாதாரணக் கண்ணாடி அந்த அலைநீளத்தை உள்ளே விடாது. அதனால்தான் தெர்மல் கருவிகளின் முன்லென்ஸை ஜெர்மானியத்தில் செய்கிறார்கள். நம் கண்ணுக்கு அது ஒளி புகாத உலோகத் துண்டு போலப் பளபளக்கும். தெர்மலின் விலையில் ஒரு பங்கு அந்த லென்ஸுக்கே போகிறது. அப்புறம், உள்ளங்கையைச் சுவரில் சில விநாடி அழுத்தி எடுத்துவிட்டுக் கருவியில் பாருங்கள். கை போன பிறகும் ஐந்து விரலும் சுவரில் வெள்ளையாக நிற்கும், மெல்ல மெல்லக் கரையும். தெர்மல் பார்ப்பது பொருளை அல்ல, சூட்டை என்பது அப்போது நன்றாகப் பதிந்துவிடும்.

நைட் விஷனுக்குள் நடப்பது

பழைய முறை குழாய். முன்லென்ஸ் வழியே வரும் கொஞ்சநஞ்ச வெளிச்சம், ஒளிபட்டால் எலக்ட்ரானை உதிர்க்கும் ஒரு மெல்லிய பூச்சின்மேல் விழுகிறது. உதிர்ந்த எலக்ட்ரான்கள் உயர் மின்னழுத்தத்தால் இழுக்கப்பட்டு ஒரு கண்ணாடி வில்லைக்குள் நுழைகின்றன. அந்த வில்லையில், முடியைவிடப் பல மடங்கு மெல்லிய, சாய்வான துளைகள் லட்சக்கணக்கில் இருக்கும். ஓர் எலக்ட்ரான் துளையின் சுவரில் மோதினால் சில எலக்ட்ரான்கள் பிறக்கும். அவை மீண்டும் மோத, இன்னும் பல பிறக்கும். இப்படிப் பெருகி வெளியே வரும் கூட்டம் எலக்ட்ரான் பட்டால் ஒளிரும் ஒரு பாஸ்பர் திரையில் விழுந்து ஒளிப்படமாகிறது. அந்தப் படம் பச்சையாக இருப்பதற்குக் காரணம், நம் கண் பச்சையில்தான் கூடுதல் நுணுக்கத்தோடு பார்க்கிறது. இப்போது கறுப்பு வெள்ளையாகக் காட்டும் வெள்ளைப் பாஸ்பர் குழாய்களும் பரவலாகிவிட்டன. நீண்ட நேரம் பார்ப்பவர்களில் பலர் அதையே விரும்புகிறார்கள்.

தலைமுறை என்று சொல்வது இந்தக் குழாயைத்தான். முதல் தலைமுறையில் துளைவில்லை கிடையாது; படத்தின் ஓரம் வளைந்து மங்கும், நிலவொளியோ தனி விளக்கோ இல்லாமல் சரியாக வேலை செய்யாது. இரண்டாம் தலைமுறையில் துளைவில்லை வந்தது. மூன்றாவதில் பூச்சு காலியம் ஆர்சனைடாக மாறியது. நட்சத்திர வெளிச்சமே போதும் என்ற நிலை வந்தது. ஆனால் தலைமுறை எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நன்றாகச் செய்யப்பட்ட இரண்டாம் தலைமுறைக் குழாய், சுமாரான மூன்றாம் தலைமுறைக் குழாயை மிஞ்சுவது உண்டு. குழாயோடு வரும் அளவுத்தாளில், ஒரு மில்லிமீட்டரில் எத்தனை கோட்டு இணைகள் (ஒரு கறுப்புக் கோடும் ஒரு வெள்ளைக் கோடும் சேர்ந்தது ஓர் இணை) பிரிந்து தெரிகின்றன என்ற எண்ணையும், சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தையும் பெருக்கிப் பாருங்கள். 64 கோட்டு இணையும் 25 விகிதமும் என்றால் 1600. இரண்டு குழாய்களை ஒப்பிட இந்தப் பெருக்குத்தொகை நல்ல அளவுகோல்.

குழாய்க்கு ஒரு பலவீனம் உண்டு: பகல் வெளிச்சம். முன்மூடியைக் கழற்றிவிட்டு வெயிலில் இயக்கினால் குழாய் நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம்.

இன்று தொடக்கக்காரர் கையில் பெரும்பாலும் வருவது டிஜிட்டல் நைட் விஷன். இதில் குழாய் இல்லை. கேமராவில் இருப்பது போன்ற சிலிக்கான் சென்சாரும், உள்ளே ஒரு சிறு திரையும்தான். விலை குறைவு, பகலில் வண்ணத்தில் பார்க்கலாம், வீடியோ பதியலாம், வெளிச்சத்துக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் உண்மையான இருட்டில் அதற்குத் துணை தேவை. அதுதான் அகச்சிவப்பு விளக்கு.

அந்த விளக்கு எப்படியிருக்கும் என்று பார்க்க டிவி ரிமோட்டும் செல்போனும் போதும். இருட்டறையில் ரிமோட்டின் முனையைச் செல்போனின் முன்கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி திரையில் வெளிறிய ஊதாவாக மினுக்கும். (பின்கேமராக்களில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருப்பதால் அதில் தெரியாமல் போகலாம்.) வேட்டை விளக்குகளும் இதே வகைதான், சக்தி மட்டும் அதிகம். இரண்டு அலைநீளங்களில் கிடைக்கின்றன. 850 நானோமீட்டர் விளக்கு தூரம் போகும். ஆனால் எதிரிலிருந்து பார்த்தால் விளக்கின் முகத்தில் மங்கிய சிவப்புப் பொட்டு தெரியும். 940-இல் அந்தப் பொட்டு தெரியாது. சிலிக்கான் சென்சாருக்கு அந்த அலைநீளத்தில் கூர்மை குறைவு என்பதால் தூரம் சுருங்கிவிடும். உஷாரான விலங்குகளுக்குப் பக்கத்தில் உட்காரப்போகிறீர்கள் என்றால் 940, திறந்த வெளியில் என்றால் 850. இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள்: பக்கத்தில் வேறு யாராவது நைட் விஷன் வைத்திருந்தால், உங்கள் விளக்கு அவருக்கு டார்ச் அடித்த மாதிரி தெரியும்.

விளக்கு இருக்கும்போது பல விலங்குகளின் கண் பளிச்சென்று திரும்பி ஒளிரும். மான், பூனை, நாய் இவற்றின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருப்பதால் அப்படி. பன்றிக்கு அந்தப் படலம் இல்லை. கண் ஒளியை நம்பியே பன்றி தேடுபவர் பன்றியைத் தவறவிடுவார்.

மூடுபனியும் தூறலும் விளக்குக்கு ஆகாது. துளிகளில் பட்ட ஒளி அப்படியே திரும்பி வந்து, படம் முழுக்க வெள்ளைத்திரை போட்டதுபோல் ஆகிவிடும். குழலுக்கு முன்னால் நாலு புல்தாள் நீட்டிக்கொண்டிருந்தாலும் இதே கதை: பக்கத்துப் புல் கண்ணைக் கூசவைக்கும், தூரத்து விலங்கு இருட்டில் போய்விடும்.

தெர்மலின் எண்களைப் படிப்பது

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அதிகப் பணம் போவதும் அதிக ஏமாற்றம் வருவதும் இங்கேதான்.

தெர்மல் சென்சார் என்பது, மிக நுண்ணிய வெப்பமானிகளை வரிசை வரிசையாக அடுக்கிய ஒரு தட்டு. ஒவ்வொன்றும் ஒரு பிக்சல். வெனேடியம் ஆக்சைடு அல்லது உருவற்ற சிலிக்கானால் செய்யப்பட்டிருக்கும். சூடு பட்டால் அதன் மின்தடை மாறும். அட்டையில் 256×192, 384×288, 640×480 அல்லது 640×512 என்று போட்டிருப்பது இந்தப் பிக்சல்களின் எண்ணிக்கை. ஒரு பிக்சலின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை உள்ள இடைவெளி, பழையவற்றில் 17 மைக்ரான், புதியவற்றில் 12 மைக்ரான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பிக்சல் இடைவெளியை லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால், ஒரு பிக்சல் எவ்வளவு இடத்தை மூடுகிறது என்று வந்துவிடும். 12 மைக்ரான் சென்சார், 50 மில்லிமீட்டர் லென்ஸ்: 100 மீட்டரில் ஒரு பிக்சல் 2.4 சென்டிமீட்டர். அதே சென்சாருக்கு 25 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 4.8 சென்டிமீட்டர். 200 மீட்டரில் இரண்டும் இரட்டிப்பு.

இதை ஒரு பன்றியின்மேல் வைத்துப் பார்ப்போம். தோள் உயரம் 70 சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஒரு படத்தில் எத்தனை பிக்சல் இருந்தால் மனிதக் கண்ணுக்கு என்ன புரியும் என்பதற்கு, 1958-இல் ஜான் ஜான்சன் என்ற ஆய்வாளர் வகுத்த அளவுகோலைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். பொருளின் குறுகிய பக்கத்தில் சுமார் 2 பிக்சல் விழுந்தால் ‘ஏதோ இருக்கிறது’ என்று தெரியும். 8 விழுந்தால் எந்த மாதிரி பொருள் என்று பிரிக்கலாம். ஏறக்குறைய 13 விழுந்தால்தான் இன்னதென்று அடையாளம் சொல்ல முடியும்.

25 மில்லிமீட்டர் லென்ஸுக்குக் கணக்குப் போட்டால், பன்றி 700 மீட்டரைத் தாண்டியும் ‘ஏதோ’ என்று தெரியும். வகை பிரிவது 180 மீட்டர் வாக்கில். அடையாளம் தெரிவது 115 மீட்டருக்குள்தான். 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு இவை முறையே 1450, 365, 225 மீட்டர் அளவில் வரும். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது முதல் எண்ணை. அதையும் பல நேரம் ஆள் உயரப் பொருளை வைத்துக் கணக்கிட்டிருப்பார்கள். துப்பாக்கி பிடிப்பவருக்குத் தேவையானது கடைசி எண்.

அதுவும் முழு உறுதி இல்லை. ஜான்சன் அளவுகோல் சொல்வது, பார்ப்பவர்களில் பாதிப்பேர் சரியாகச் சொல்லும் எல்லையை. இரண்டில் ஒன்று தப்பாகலாம் என்ற நிலையில் யாரும் விசையை அழுத்தக் கூடாது. கிடைக்கும் அடையாளத் தூரத்தை நான் பாதியாகக் குறைத்து, அதைத்தான் சுடும் எல்லையாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். மழை ஈரம், காற்றின் ஈரப்பதம், கை நடுக்கம், அவசரம் எல்லாம் அந்தப் பாதியைத் தின்றுவிடும்.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. 640 சென்சார் என்றால் 384-ஐவிடத் தெளிவு என்று பொதுவாகச் சொல்வார்கள். லென்ஸும் பிக்சல் இடைவெளியும் ஒன்றாக இருந்தால், பன்றியின்மேல் விழும் பிக்சல் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான். 35 மில்லிமீட்டர் லென்ஸில் 100 மீட்டருக்கு ஒரு பிக்சல் 3.4 சென்டிமீட்டர், 384 ஆனாலும் 640 ஆனாலும் அதில் மாற்றமில்லை. மாறுவது அகலம்: 384-இல் 13 மீட்டர் அகலம் தெரியும், 640-இல் 22 மீட்டர் தெரியும். அகலமும் பெரிய வசதிதான். கூட்டமாக வரும் பன்றிகளில் குட்டியோடு நிற்பது எது என்று பார்க்க அது வேண்டும். ஆனால் அடையாளம் காண உதவுவது நீளமான லென்ஸ். நல்ல 640 கருவி, அகலத்தை அதிகம் இழக்காமலே பெரிய லென்ஸ் போட இடம் கொடுக்கிறது. அதன் உண்மையான மதிப்பு அங்கேதான்.

டிஜிட்டல் ஜூமை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். 640×480 படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் நீங்கள் பார்ப்பது 320×240. நான்கு மடங்கில் 160×120. படம் பெரிதாகும், பன்றியின்மேல் ஒரு பிக்சல்கூடக் கூடாது.

அடுத்த எண் மில்லிகெல்வின். எவ்வளவு சிறிய வெப்ப வேறுபாட்டைச் சென்சார் பிரித்துக் காட்டும் என்பதன் அளவு அது. சிறிதாக இருந்தால் நல்லது. 25 மில்லிகெல்வின் என்றால் ஒரு டிகிரியில் நாற்பதில் ஒரு பங்கு. தெளிவான குளிர் இரவில் 50-க்கும் 25-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. எல்லாம் நனைந்து, மரமும் மண்ணும் புல்லும் ஒரே சூட்டுக்கு வந்துவிட்ட இரவில்தான் அந்த எண் தன் வேலையைக் காட்டும். லென்ஸின் எஃப் எண்ணையும் கூடவே பாருங்கள். எஃப் 1.0-ஐவிட எஃப் 1.2 லென்ஸ் ஏறக்குறைய முப்பது விழுக்காடு குறைவான கதிரைத்தான் சென்சாருக்குக் கொடுக்கும்.

படம் ஒரு விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதும் முக்கியம். 9 ஹெர்ட்ஸ் கருவியில் ஓடும் விலங்கு விட்டுவிட்டுத் தாவும். குறி எப்போதும் ஒரு அடி பின்தங்கியே இருக்கும். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைச் சமாளிக்கவே பலர் அந்த வேகத்தில் செய்கிறார்கள். ஸ்கோப்புக்கு 50 ஹெர்ட்ஸ் பார்த்து வாங்குங்கள். இடையிடையே ‘கிளிக்’ என்ற சத்தத்தோடு படம் ஒரு கணம் உறைந்தால் பதற வேண்டாம். சென்சார் தன்னைச் சரிசெய்துகொள்ள உள்ளே ஒரு மூடி விழுந்து எழுகிறது. சுடும் நேரத்தில் அது நடக்காதபடி, கையால் இயக்கும் அமைப்புக்கு மாற்றிக்கொள்ளலாம்.

தெர்மல் காட்டாதவை

சூட்டில் வித்தியாசம் இல்லாத எதுவும் தெர்மலில் தெரியாது. வேலிக்கம்பி, காய்ந்த சுள்ளி, புல்லின் நுனி எல்லாம் காற்றின் சூட்டுக்கே வந்துவிட்டால் திரையில் காணாமல் போய்விடும். பன்றி திறந்த வெளியில் நிற்பதுபோல் தெரியும். உண்மையில் குண்டு போகும் பாதையில் விரல் தடிமனில் ஒரு கிளை இருக்கும். விலங்குக்குப் பின்னால் மண்மேடா, வெட்டவெளியா, தெருவா என்பதும் பல இரவுகளில் சரியாகப் புரியாது. குண்டு விலங்கோடு நின்றுவிடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில் சுடவே கூடாது. நைட் விஷன் கருவி, தெர்மலைவிட நிச்சயமாக மேலே நிற்கும் இடம் இது.

தூரமும் ஏமாற்றும். பக்கத்தில் இருக்கும் முயலும் தள்ளி நிற்கும் பன்றியும் திரையில் ஒரே அளவு வெள்ளைப் பொட்டாகத் தெரியலாம். லேசர் தூரமானி உள்ள கருவி சற்று விலை கூடினாலும், மற்ற எந்தக் கூடுதல் வசதிக்கும் முன்னால் அதற்குத்தான் பணம் கொடுப்பேன். தூரம் தெரிந்தால் அளவு தெரியும், அளவு தெரிந்தால் விலங்கு எதுவென்று பாதி தெரிந்துவிடும்.

வெயிலில் காய்ந்த கல், பாறை, மரத்தண்டு எல்லாம் பொழுது சாய்ந்து வெகுநேரம் வரை வெள்ளையாக ஒளிரும். அந்தியிலும் விடியலிலும் விலங்கின் தோலும் சுற்றுப்புறமும் ஒரே சூட்டைக் கடக்கும் சிறுபொழுது ஒன்று உண்டு. அப்போது எவ்வளவு விலையுள்ள கருவியும் தடுமாறும். அடர்ந்த மூடுபனியிலும் பலத்த மழையிலும் தெர்மலின் தூரம் வெகுவாகச் சுருங்கும். மெல்லிய பனியில் மட்டும் விளக்குப் போட்ட நைட் விஷனைவிட நன்றாகவே தாக்குப்பிடிக்கும். புகைக்கும் தெர்மல் அஞ்சாது.

சரி, எதை வாங்குவது?

தேடுவதற்கு ஒரு கருவி, சுடுவதற்கு ஒரு கருவி என்று பிரித்துக்கொள்வதுதான் நான் அழுத்திச் சொல்லும் ஒன்று. துப்பாக்கியில் மாட்டிய ஸ்கோப்பால் வயலைத் துழாவினால், கண் போகும் இடமெல்லாம் குழல்வாயும் போகிறது. அந்த வெள்ளைப் பொட்டு பக்கத்து வரப்பில் நடக்கும் மனிதராக இருந்தால், அவர் மனிதர் என்று தெரியும் முன்பே அவர்மேல் துப்பாக்கியை நீட்டிவிட்டிருப்போம். ஆகவே கைக்கு அடக்கமான, ஒரு கண்ணால் பார்க்கும் ஒரு தெர்மல் ஒற்றைக்குழலை முதலில் வாங்குங்கள். அகலமாகத் தெரிய வேண்டும் என்பதால் 19 அல்லது 25 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். 384 சென்சாரே தாராளம். சூடு எங்கே என்று அது காட்டிவிடும். அடையாளம் காண்பதும் சுடுவதும் துப்பாக்கியில் இருக்கும் ஸ்கோப்பின் வேலை.

பணம் அளவாக இருந்து, சுடுவது நூறு மீட்டருக்குள் என்றால், கையில் தெர்மல் ஒற்றைக்குழல், துப்பாக்கியில் விளக்கோடு டிஜிட்டல் நைட் விஷன் என்ற ஜோடிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒன்று கண்டுபிடிக்கிறது, மற்றொன்று காது, கொம்பு, வால், வேலி, பின்னணி எல்லாவற்றையும் காட்டுகிறது. திறந்த வெளியில், நூறு மீட்டரைச் சற்றே தாண்டி, கூட்டமாக வரும் பன்றிகளைச் சமாளிக்க வேண்டியவருக்கு 640 சென்சாரும் 50 மில்லிமீட்டர் லென்ஸும் உள்ள தெர்மல் ஸ்கோப் பொருந்தும். அடர்ந்த காட்டில் கிட்டத்தில் பார்ப்பவருக்கு அவ்வளவு பெரிய லென்ஸ் இடைஞ்சல்தான். இருபது மீட்டரில் மூன்று மீட்டர் அகலம்தான் திரைக்குள் அடங்கும்.

பகல் ஸ்கோப்பின் முன்னால் மாட்டும் இணைப்புக் கருவிகளும் உண்டு. ஏற்கெனவே பழகிய ஸ்கோப்பை விடாமல் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் வசதி. ஆனால் முன்பக்கம் எடை ஏறும், பகல் ஸ்கோப்பின் உருப்பெருக்கத்தைக் கூட்டக்கூட உள்திரையின் பிக்சல்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். முதல் கருவியாக அதை வாங்கச் சொல்லமாட்டேன்.

ஸ்கோப் வந்தபின் ஜீரோ செய்வதில், அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்வதில், பலர் திணறுகிறார்கள். அட்டையில் அச்சடித்த கறுப்பு வட்டம் தெர்மலில் தெரியாதே! சமையலறை அலுமினியத் தாளை ஒரு சதுரமாக வெட்டி அட்டையில் ஒட்டி, அட்டையைச் சற்றுப் பின்பக்கமாகச் சாய்த்து வையுங்கள். தாள் மேலே இருக்கும் குளிர்ந்த வானத்தைப் பிரதிபலிப்பதால் திரையில் கரும்புள்ளியாக நிற்கும். அந்தச் சதுரத்தின் நடுவே குறி வைத்து மூன்று நான்கு சுட்டு, திரையில் குறியை நகர்த்திச் சரிசெய்யலாம். அதற்கு முன் கண்பக்க வளையத்தைத் திருப்பி, திரையில் உள்ள எழுத்துகள் கூர்மையாகும்வரை சரிசெய்துகொள்ளுங்கள். படம் மங்கல் என்று குறைசொல்லிக் கருவியைத் திருப்பிக் கொடுப்பவர்களில் சிலர், அந்த வளையத்தைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும், மாற்றுப் பேட்டரியை உடம்போடு ஒட்டிய பையில் வைத்திருங்கள். திரையின் வெளிச்சத்தை முடிந்தவரை குறையுங்கள். இருட்டுக்கு முழுதாகப் பழக நம் கண்ணுக்கு இருபது முப்பது நிமிடம் ஆகிறது, ஒரு வெள்ளைத்திரை அதை ஒரு நொடியில் கெடுத்துவிடும். சிவப்புத் திரை இருந்தால் கொஞ்சம் மிச்சமாகும். தெர்மலைச் சூரியனுக்கு நேரே மட்டும் ஒருபோதும் காட்டாதீர்கள், சென்சாரில் தழும்பு விழுந்துவிடும்.

அப்புறம், கருவி வந்த முதல் சில இரவுகளில் துப்பாக்கியே வேண்டாம். கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு, எது எங்கே நிற்கிறது என்று உங்களுக்கு முன்பே தெரிந்த ஓர் இடத்துக்குப் போங்கள். கட்டிப்போட்ட மாடு, மேயும் ஆடு, நாய், நடந்துபோகும் நண்பர் என்று ஒவ்வொன்றையும் ஐம்பது, நூறு, நூற்றைம்பது மீட்டரில் பாருங்கள். ஆடு குனிந்து மேயும்போது கழுத்து எப்படிக் கீழே இறங்குகிறது, நாய் நடக்கும்போது முதுகுக்கோடு எப்படி அசைகிறது, மனிதர் உட்கார்ந்தால் உருவம் எவ்வளவு சின்னதாகிறது என்று கவனியுங்கள். நண்பரைப் புதருக்குப் பின்னால் குனிந்து உட்காரச் சொல்லிப் பாருங்கள். அவர் யாரென்று உங்களால் சொல்ல முடியாமல் போகும் அந்தத் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஸ்கோப்பின் எல்லை அதற்கும் உள்ளேதான்.